மாலை ரிசப்ஷனுக்குக் குழந்தைகள் வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது?

வணக்கம். மும்பையில் கல்யாணம் வைத்திருக்கும் குழு உறுப்பினர்கள் கவனத்துக்கு.

காலை முகூர்த்தத்துக்குக் குழந்தைகளைத் தடுக்காதீர்கள். நம் வீடுகளில் அது எடுபடாது. இடம் குறைவான மாலை ரிசப்ஷனுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டை வையுங்கள்.

சிக்கல் பத்திரிகையிலேயே தொடங்குகிறது. ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று அச்சடித்து, உறைமேல் ‘குடும்பத்தினர்’ என்றும் எழுதினால் வீட்டோடுதான் வருவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ரிசப்ஷனுக்குத் தனி அட்டை போட்டு, உறையில் கணவன் மனைவி பெயரை மட்டும் எழுதுங்கள். பலர் உறையைக் கவனிப்பதே இல்லை, அதனால் போனிலும் சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கு வாட்ஸப் ஃபார்வர்ட் கூடவே கூடாது.

இப்படிச் சொல்லலாம்:
“ஹால் சின்னதுங்கறதால சாயந்திர விருந்து பெரியவங்களுக்கு மட்டும்தான் ஏற்பாடு பண்ணியிருக்கோம். நீங்க ரெண்டு பேரும் அவசியம் வரணும். காலையில முகூர்த்தத்துக்குக் குழந்தைகளோட வாங்க.”
இதில் ‘முடிஞ்சா’ என்று ஒரு சொல் சேர்த்தால் போச்சு, நாலு பேர் பிள்ளைகளைக் கூட்டி வந்துவிடுவார்கள்.

மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். தொலைவில் உள்ள டோம்பிவிலியிலிருந்து மாட்டுங்கா வருபவர் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு, ராத்திரி லோக்கல் ரயில் பிடித்துத் திரும்ப வேண்டும்.

எந்த வயதுக்குக் கீழே வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், உதாரணமாக 12. கைக்குழந்தைக்கு விலக்கு. இரு வீட்டாருக்கும் ஒரே விதி: அண்ணன் பிள்ளை மேடையில் ஓடியாட, மாமா பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த மனஸ்தாபம் வளைகாப்பு வரை வரும்.

மீறி அழைத்து வந்தால் வாசலில் எதுவும் பேசாதீர்கள். கேட்டரிங்காரரிடம் நூறு பேருக்கு ஐந்து சாப்பாடு கூடுதலாகச் சொல்லி வையுங்கள்.