பாப்பா பத்திரமாக வந்து சேர்ந்தாள், அம்மா

மான்ஹைம், ஜெர்மனி

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசும்போதெல்லாம் பாப்பா முகத்தைப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. நீ கேட்டது எதற்கும் நான் முழுசாகப் பதில் சொன்னதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவை இதை ஆச்சிக்கும் வாசித்துக் காட்டச் சொல். "அஞ்சு மாசப் பிள்ளைய ஆகாசத்துல தூக்கிட்டுப் போறாளே" என்று கோவில்பட்டி ஸ்டேஷனில் ஆச்சி அழுதது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

முதலில் காது. ஆச்சியின் பெரிய பயம் அதுதான், அது நியாயமான பயம். விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். உள்ளே காற்றழுத்தம் கூடிக்கொண்டே வரும். காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் பிள்ளைகளுக்கு ரொம்பச் சின்னது, தானாகச் சட்டென்று திறக்காது. எதையாவது விழுங்கினால் திறக்கும். நம் ஊர் டாக்டரம்மா சொல்லி அனுப்பியது இதைத்தான். தரை கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அதற்கு அரை மணிக்கு முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. எதிரே திரையில் உயரம் குறைவதைப் பார்த்ததுமே பால் கொடுக்க ஆரம்பித்தேன். அவள் குடித்தபடியேதான் பிராங்பர்ட்டில் இறங்கினாள். ஆச்சியிடம் இதை இரண்டு தடவை சொல்.

சென்னையில் பாதுகாப்புச் சோதனையில் திரைக்குள் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது கொலுசும் அரைஞாணும் கருவியில் கத்தின. சோதனை செய்த பெண் சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தொட்டுவிட்டு அனுப்பிவிட்டார். எழும்பூரில் வாங்கிய போர்வைதான் உள்ளே கைகொடுத்தது, அவ்வளவு குளிர்.

தூக்கம்தான் பெரும்பாடு. முன்வரிசையில் எதிர்ச்சுவரில் ஒரு தொட்டில் மாட்டித் தருகிறார்கள். நம் வீட்டுச் சேலைத் தொட்டில் மாதிரி ஆடாது, இருந்தாலும் கால் நீட்டிப் படுக்க வசதி. ஆனால் விமானம் குலுங்கிப் பெல்ட் விளக்கு எரிந்தால் பிள்ளையைத் தொட்டிலில் விடக் கூடாது. தூக்கி மடியில் வைத்து, நம் பெல்ட்டோடு கோத்த சின்னப் பெல்ட்டை அவளுக்குப் போட வேண்டும். கண்ணயர்ந்த நேரம் பார்த்து விளக்கு எரியும். எடுத்தால் அழுவாள், அணைந்து படுக்கவைத்தால் மறுபடி எரியும். பத்து மணி நேரப் பயணத்தில் பாதி இப்படியே போனது.

பின்னால் ஒருவர் உச்சுக் கொட்டினார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிள்ளை அழுதால் தாய் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், அம்மா? பேசத் தெரியாத ஜீவன் வேறெப்படிச் சொல்லும்? பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா, "பிள்ளையை என்னட்டைத் தாங்கோ, நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஜெர்மனியில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வளர்த்தவர். ஹம் என்ற ஊரில் 2002-ல் கும்பாபிஷேகம் நடந்த காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறதாம், வருஷா வருஷம் தேர் ஓடுமாம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார். போவோம். ஆனால் மொட்டையும் காதுகுத்தும் நம் குலதெய்வம் கோயிலில்தான், அதில் மாற்றமில்லை.

விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது. உன் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனார், அரை மணியில் மான்ஹைம் வந்துவிட்டது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கென்றே அந்த ரயிலில் தனி அறை உண்டு. ஊரின் நடுப்பகுதியில் தெருவுக்குப் பதில் கட்டங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும். நான் இப்போதுதான் வழி பழகுகிறேன். டிராமில் ஏறும்போது யாராவது கேட்காமலே தள்ளுவண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். பேச்சு வார்த்தை கிடையாது. தூக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பிள்ளை டாக்டரிடம் காட்டினோம். ஒரு மஞ்சள் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள், எடை உயரம் எல்லாம் அதில் ஏறும். கையில் இருக்கும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பை டாக்டர் உற்றுப் பார்த்தார். இங்கே 1998-லிருந்து அந்த ஊசியை எல்லாக் குழந்தைகளுக்கும் போடச் சொல்வதில்லையாம். நம் ஊர் அட்டையைக் காட்டியதும் அடுத்த ஊசிகளுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார். வைட்டமின் டி சொட்டு மருந்தைத் தொடரச் சொன்னார், இங்கே வெயில் முகம் காட்டுவதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் விடவில்லை. உன் கை பட்ட மாதிரி வராது, அழுகிறாள்.

சித்தி மகள் பிள்ளையோடு சிங்கப்பூர் போகிறாளே, அவளிடம் சொல். திருச்சியிலிருந்து நாலு மணி நேரம்தான், பயப்பட வேண்டாம். தொட்டில் இருக்கிற இடத்தை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், எல்லா விமானத்திலும் கிடையாது. அவள் பிள்ளை புட்டிப்பால் குடிக்கிறதென்றால் மாவும் வெந்நீரும் வழிக்குத் தேவையான அளவு எடுத்துப் போகலாம், 100 மில்லி கட்டுப்பாடு குழந்தைப் பாலுக்குப் பொருந்தாது. சோதனையில் வெளியே எடுத்துக் காட்டினால் போதும். குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

சரி, இப்போது உன் விஷயம். உன்னுடைய பாஸ்போர்ட்டை அப்பா உடனே புதுப்பிக்கட்டும், திருநெல்வேலி சேவை மையத்தில் தேதி வாங்கிக்கொண்டு போங்கள். விசிட்டர் விசாவில் 90 நாள் வரை இங்கே இருக்கலாம். அழைப்புக்கான உறுதிப் பத்திரத்தை மாப்பிள்ளை இங்கே வாங்கி அனுப்புவார், 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் எடுத்துவிடுவோம். ஏப்ரலில் வந்தால் குளிர் குறைந்திருக்கும், பாப்பாவும் அதற்குள் தவழ்ந்துகொண்டிருப்பாள். தேதி கிடைத்ததும் சொல், டிக்கெட் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் மகள்