அந்த 500 யூரோ நோட்டைப் பாதி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்

பிராங்க்பர்ட்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் கடைகள் எல்லாம் அடைப்பு, எங்கள் சூப்பர்மார்க்கெட்டும்தான். அதனால் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பாதி சொல்வதற்குள் "சரி, வை, காசு ஏறும்" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் காசு ஏறாது என்றால் நம்ப மாட்டேன் என்கிறீர்கள்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா கப்பல் வேலையிலிருந்து வந்தபோது கொடுத்த 500 யூரோ நோட்டு செல்லும். கூட இருக்கிற இரண்டு பழைய 100 யூரோவும் செல்லும். பணம் மாற்றும் கடைக்காரர் "இதை ஐரோப்பாவிலேயே நிறுத்திட்டாங்க, பாதி விலைக்கு வேணும்னா எடுத்துக்கறேன்" என்றாராமே, அவர் சொன்னதில் முன்பாதி மட்டும் உண்மை.

நீங்கள் 2016-ஐ நினைத்துப் பயப்படுகிறீர்கள், எனக்குத் தெரியும். நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி, விடிவதற்குள் 500-ம் 1000-ம் வெறும் காகிதமாகி, பென்ஷன் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் வங்கி வாசலில் வெயிலில் நின்றீர்களே. அதே வருஷம் மே 4-ஆம் தேதிதான் ஐரோப்பிய மத்திய வங்கியும் 500 யூரோவை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் அவர்கள் நிறுத்தியது புதிதாக அச்சடித்து வெளியே விடுவதை. 2019 ஜனவரி 26-க்குப் பிறகு மற்ற நாடுகள் கொடுக்கவில்லை. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மட்டும் ஏப்ரல் 26 வரை கொடுத்தன. ஏற்கெனவே வெளியே போன நோட்டை யாரும் ரத்து செய்யவில்லை. யூரோ புழங்கும் எந்த நாட்டின் மத்திய வங்கியிலும் மாற்றலாம், கெடுவே கிடையாது.

ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டீர்கள். பத்து லட்சம் யூரோவை 500 நோட்டாக அடுக்கினால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும், கைப்பையில் அடங்கிவிடும். கறுப்புப் பணக்காரர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? ஸ்பெயினில் இதற்கு 'பின்லேடன்' என்று பட்டப்பெயர். இருப்பது எல்லாருக்கும் தெரியும், கண்ணால் பார்த்தவர்தான் யாரும் இல்லை!

ஜெர்மன்காரர்களுக்கு நோட்டு என்றால் உயிர். முன்பு இவர்களிடம் 1000 மார்க் நோட்டே இருந்தது, ஏறக்குறைய 511 யூரோ மதிப்பு. அந்த மார்க் 2002-லேயே புழக்கத்தை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் பூண்டஸ்பாங்க், அதாவது இவர்களுடைய ரிசர்வ் வங்கி, இன்றைக்கும் ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற பழைய கணக்கில் அதை மாற்றிக் கொடுக்கிறது. என்னோடு கல்லாவில் இருக்கும் அம்மாள் தன் பாட்டியின் தையல் பெட்டியில் கிடந்த மார்க் நோட்டுகளைக் கொண்டுபோய் யூரோவாக வாங்கி வந்தார். யாரும் ஏன், எதற்கு என்று குடையவில்லையாம். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரான்சில் பழைய பிராங்க் நோட்டுக்கு 2012 பிப்ரவரியோடு கதவை அடைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னாலும், உங்கள் 500-ஐ எங்கள் கடையில் நீட்டினால் நானே வாங்க மாட்டேன். வாசலிலேயே 200, 500 வாங்குவதில்லை என்று ஒட்டியிருக்கிறோம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடைக்காரர் மறுக்கலாம். 100 வந்தால் வாங்குவோம், ஆனால் பார்த்துத்தான். வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அம்மாள்தான் பழக்கினார்: தடவு, வெளிச்சத்தில் பிடி, சாய். பருத்தித் தாள், மொடமொடவென்று இருக்கும். 2019-ல் வந்த புது 100-ஐ நுனிவிரலால் வருடினால் ஓரங்களில் சின்னச் சின்ன வரிகள் தட்டுப்படும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஐரோப்பா என்கிற கிரேக்கப் புராணப் பெண்ணின் முகம் வாட்டர்மார்க்காகத் தெரியும். சாய்த்தால் கீழே இடது மூலையில் இருக்கும் எண் மரகதப் பச்சையிலிருந்து கருநீலமாக மாறும்; வெள்ளிப் பட்டையின் மேல்பக்கம் குட்டி யூரோ குறிகள் எண்ணைச் சுற்றி ஓடும். கல்லாவில் கூட்டம் இல்லாதபோது நான் சும்மாவே சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன், அவ்வளவு அழகு. கள்ள நோட்டு அதிகம் வருவது என்னவோ 20-லும் 50-லும்தான், அதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

உங்களுடையது முதல் வரிசை நோட்டு, அதனால் இந்த அடையாளங்களைத் தேடாதீர்கள். புது வரிசையில் 500-ஏ அச்சடிக்கவில்லை. ஊதா நிறம், முன்பக்கம் வலது கீழே ஒரு பளபளப்பு ஒட்டு இருக்கும். சாய்த்தால் மதிப்பும் ஒரு ஜன்னல் வடிவமும் மாறி மாறித் தெரிய வேண்டும். பின்பக்கத்து 500 என்ற எண்ணைச் சாய்த்தால் ஊதாவிலிருந்து ஆலிவ் பச்சையோ பழுப்போ ஆகும். வலது ஓரத்தில் சாய்கோடுகள் தடவினால் தட்டுப்படும், அது பார்வையற்றவர்களுக்காக வைத்தது. தம்பி அனுப்பிய படத்தில் நோட்டின் வரிசை எண் 'எக்ஸ்' எழுத்தில் ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் ஜெர்மனி வெளியிட்ட நோட்டு. அதற்காக ஜெர்மனியில்தான் மாற்ற வேண்டும் என்றில்லை. படத்தை வைத்து நல்ல நோட்டு என்று அடித்துச் சொல்ல முடியாது, நீங்களே சாய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு 100-இன் மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது என்று அம்மா கவலைப்பட்டாள். பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணமும் தருவார்கள். இங்கே மாயின்ஸ் நகரத்தில் பூண்டஸ்பாங்க் இதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. 2021-ல் இங்கே ஆர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது சேறு படிந்த நோட்டுகளை மூட்டையாக அங்கே அனுப்ப, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்து எண்ணிக் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் டேப் ஒட்டி, அயர்ன் போட்டு என்று ஒன்றும் செய்ய வேண்டாம்.

தபாலில் அனுப்பவே கூடாது. தை மாதம் இவர் ஊருக்கு வரும்போது கொடுத்துவிடுங்கள். 10,000 யூரோவுக்குக் கீழே என்பதால் இங்கே சுங்கத்தில் அறிவிக்க வேண்டியதில்லை. இங்கே பூண்டஸ்பாங்க் கிளையில் நான் மாற்றி உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறேன். அதுவரை மூன்று நோட்டையும் மடிக்காமல் ஒரு பழைய டைரிக்குள் வையுங்கள். இரும்புப் பெட்டிக்குள் மட்டும் வேண்டாம், அங்கேதான் பூச்சி.

இவர் கிளம்பும்போது அம்மாவிடம் வடகமும் கொஞ்சம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரர் மறுபடி கேட்டால், பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டா என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்