மெழுகுக் கட்டியைத் தேடி எடுத்த லேப் அண்ணனுக்கு

நேற்றுக் காலை அப்பா திண்ணையில் உட்கார்ந்து, பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகாமல் படித்தார். அதைப் பார்த்த கையோடு எழுதுகிறேன். நாங்கள் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி சொல்லவில்லை.

அப்பாவின் மருந்தை முடிவு செய்ய அன்று ஒரு ஜீன் பரிசோதனைதான் பாக்கி இருந்தது. அப்பாவுக்கு வந்த வால்டன்ஸ்ட்ராம், ஐஜிஎம் என்ற புரதம் பெருகி ரத்தத்தைக் கெட்டியாக்கி, பார்வையையும் மங்க வைக்கக்கூடிய ஒரு ரத்தப் புற்றுநோய். அந்த நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் எம்ஒய்டி88 ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். 2012-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். மஜ்ஜைப் பரிசோதனைக்கு அப்பாவின் இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டை, மெல்லிசாக வெட்டுவதற்காக ஆசிட்டில் ஊறவைத்ததில் டிஎன்ஏ கெட்டுப்போயிருந்தது. மறுபடி இடுப்பில் ஊசி என்றார்கள். முதல் தடவையே அப்பா துடித்ததைப் பார்த்தவள் நான்.

அண்ணா, அப்போது நீங்கள் டூட்டி முடிந்து பையை மாட்டியிருந்தீர்கள். "கொஞ்சம் இருங்கம்மா. மஜ்ஜை எடுக்கும்போது உறைஞ்ச ரத்தத்தைத் தனி மெழுகு பிளாக்கா போட்டிருப்பாங்க. அதை ஆசிட்ல போடமாட்டாங்க" என்று அந்தப் பையோடேயே உள்ளே போனீர்கள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தபோது, உங்கள் உள்ளங்கையில் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு மெழுகுக் கட்டி. நடுவே பழுப்பாக ஒரு பொட்டு. அந்தப் பொட்டு போதுமானதாக இருந்தது. அப்பாவுக்கு இன்னொரு ஊசி இல்லை.

அந்த எழுத்து மாறியிருக்கிறது என்று ரிசல்ட் வந்த அன்று நான் ஒன்றும் புரியாமல் விழித்து நின்றதையும் பார்த்தீர்கள். "குழாய்ல வாஷர் போன மாதிரிம்மா. எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். மாத்திரை வாஷரை மாத்தாது, தண்ணி போற பைப்பை நடுவுல அடைக்கும்" என்றீர்கள். அந்தப் பைப்பின் பெயர் பிடிகே, செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். எனக்கு முதலில் புரிந்தது உங்கள் வாஷர்தான்.

ரத்தத்தின் கெட்டியைக் குறைக்கப் பிளாஸ்மா மாற்றிய இரவுகளில் கண் விழித்த சிஸ்டர்கள், காசு வாங்க மறுத்த ஆட்டோத் தம்பி, சோறு கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அத்தை, மாத்திரைக்குப் பணம் புரட்டித் தந்த சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன்.

இந்த நோய் மெதுவாக நகர்வது, முழுசாகப் போகாது என்று தெரியும். இனி மஜ்ஜைப் பரிசோதனைக்கு வரும் எந்தக் குடும்பத்தைப் பார்த்தாலும், "உறைஞ்ச ரத்த பிளாக் இருக்கான்னு கேளுங்க" என்று சொல்லாமல் விடமாட்டேன்.

அடுத்த மாதம் ஐஜிஎம் பார்க்க வரும்போது அப்பாவையும் லேப் வாசலுக்குக் கூட்டி வருகிறேன். அவருக்கு உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம்.