துடிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் இதயத் துடிப்புக் கோளாறு பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. பேஸ்மேக்கர், அப்லேஷன் (துடிப்பைக் கெடுக்கும் இதயத் திசுவைச் சுட்டு அழிப்பது) எல்லாம் விளக்கமாகச் சொன்னவர்கள், மருந்து என்று வந்ததும் 'மருத்துவர் சொன்னபடி தவறாமல் சாப்பிடவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தவறாமல் சாப்பிட்டவர்களும் வார்டில் வந்து படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் மருந்தே சில சமயம் துடிப்பைக் கெடுக்கும். அமெரிக்காவில் 'காஸ்ட்' என்றொரு பெரிய ஆய்வு நடந்தது. மாரடைப்பில் பிழைத்தவர்களுக்கு இடையிடையே வரும் கூடுதல் துடிப்பை அடக்க என்கைனைடு, ஃப்ளெகைனைடு கொடுத்தார்கள். ஈ.சி.ஜி.யில் துடிப்பு அடங்கியது. ஆனால் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 1989-இல் அந்த மருந்துகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இதய மருத்துவர்கள் இதை மறக்கவில்லை, கவனமாகத்தான் எழுதுகிறார்கள். என் கவலை மற்ற வார்டுகளைப் பற்றியது.

ஏற்கெனவே அமியோடரோன் என்ற துடிப்பு மாத்திரை சாப்பிடும் ஒருவர் காய்ச்சல், சளி என்று பொது வார்டில் சேர்கிறார். லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறார்கள். வாந்தி வருகிறது, ஆன்டன்செட்ரான் ஊசி. கால் வீங்கியிருக்கிறது, நீர் பிரிய லாசிக்ஸ். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. முதல் மூன்றும் ஈ.சி.ஜி.யில் 'க்யூடி' என்ற இடைவெளியை, அதாவது இதயம் ஒரு துடிப்பை முடித்து அடுத்ததற்குத் தயாராகும் நேரத்தை, நீட்டுபவை. நான்காவது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும்; அது குறைந்தாலும் துடிப்பு தடுமாறும். வாந்தியில் போனது தனிக் கணக்கு. அமியோடரோன் தனியாக இருக்கும்போது இந்த வகையில் அவ்வளவு தொந்தரவு செய்யாது. இத்தனையும் கூடும்போதுதான் திடீரென்று துடிப்பு தாறுமாறாகி ஆள் மயங்கி விழுவார், சமயத்தில் உயிரே போகும். கேஸ் ஷீட்டில் இந்த நான்கும் நான்கு கையெழுத்தில், வெவ்வேறு பக்கத்தில் இருக்கும். நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது யார் வேலை?

அமியோடரோன் உள்ளே வந்தால், டிகாக்சின் என்ற இன்னொரு இதய மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். டிகாக்சினைப் பாதியாகக் குறைப்பது வழக்கம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவருக்கு ரத்தம் உறைவது இன்னும் தள்ளிப்போகும். அதுவும் உடனே தெரியாது, வாரக்கணக்கில் மெல்லத் தெரியும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லையென்றால், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வடிந்த பிறகுதான் வருவார். நடுவில் முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு வாங்கிப் போட்டிருப்பார், அது ரத்தக்கசிவை இன்னும் கூட்டும்.

டிகாக்சின் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் பலருக்கும் இதை வாரத்தில் 5 நாள் என்றுதான் எழுதுவார்கள், சனி ஞாயிறு லீவு. வார்டில் சேர்ந்ததும் சார்ட்டில் 'தினம் 1' என்று ஏறிவிட்டால் செவிலியர் 7 நாளும் கொடுப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. சிறுநீரகம் தளர்ந்த வயதானவருக்கு டிகாக்சின் உடலில் தேங்கி நஞ்சாக இதுவே போதும். முதலில் சாப்பாடு பிடிக்காது. ஆஸ்பத்திரி சாப்பாடு யாருக்குத்தான் பிடிக்கும் என்று விட்டுவிடுவோம். அப்புறம் குமட்டல். சிலருக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். ஒரு பெரியவர் அப்படிச் சொன்னபோது, வீட்டார் காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லியை அரைத்து டம்ளரில் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் மறைத்து வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாடி அப்போது ஐம்பதைத் தொடவில்லை. மாத்திரையை நிறுத்திப் பொட்டாசியத்தைச் சரிசெய்த பிறகு அவரே இட்லி கேட்டார்.

மருந்துகளை ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் இல்லை. பார்ம்.டி. என்ற மருந்தாளுநர் படிப்பு நம் நாட்டில் 2008-இல் வந்தது. 6 வருடப் படிப்பு, கடைசி வருடம் முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. கேஸ் ஷீட்டைப் புரட்டி எந்த மருந்து எதோடு மோதும் என்று பார்ப்பதே அவர்கள் படித்த வேலை. 2015-இன் மருந்தாளுநர் விதிகளிலும் கிளினிகல் பார்மசிஸ்ட் (வார்டில் நோயாளியின் மருந்துகளைக் கவனிக்கும் மருந்தாளுநர்) என்ற பெயர் இருக்கிறது. ஆனால் படித்து வந்த பிள்ளைகள் பலர் மருந்துக் கம்பெனிக்கும் இன்சூரன்ஸ் கோப்பு பார்க்கவும் போய்விடுகிறார்கள். எல்லா வார்டுக்கும் வேண்டாம், இதயப் பிரிவும் பொது மருத்துவமும் இருக்கும் ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் காலை ரவுண்ட்ஸில் மருத்துவரோடு இப்படி ஒருவர் நடக்கட்டும். அரசு இதற்கென்று பணியிடம் உருவாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நோயாளியின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். முட்டி வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி உட்பட. 'இவருக்குத் துடிப்புக் கோளாறு இருக்கிறது' என்பதை ஒவ்வொரு ஷிப்டிலும் சொல்லுங்கள். சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

மருந்தால் கோளாறு வந்ததாகச் சந்தேகம் வந்தால் நோயாளியே தெரிவிக்கவும் வழி இருக்கிறது. 2010-இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காஜியாபாத்திலிருந்து நடக்கிறது; கட்டணமில்லா எண் 1800 180 3024. மருத்துவர்மேல் புகார் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். இது புகார் அல்ல, அந்த மருந்தைப் பற்றிய தகவல் மட்டுமே. இந்த எண்ணை உங்கள் மருத்துவப் பக்கத்தின் அடியில் வாராவாரம் ஒரு சின்னப் பெட்டியில் போட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
திண்டுக்கல்.