மீன் பேன் எடுத்து வைத்தவர்களுக்கு நன்றி

சசூன் டாக்கிலும் பாவுச்சா தக்காவிலும் மீன் பிரிக்கிற அக்காமார்களுக்கு, தாராவி, சயான் கோலிவாடா சந்தைகளில் மீன் ஆய்ந்து தருகிறவர்களுக்கு, படகு ஓட்டும் தாண்டேல் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

மீனின் உடம்பில் ஒட்டி வாழும் மீன் பேன்களின் குடும்பம் சைமோதோயிடே. எங்கள் சைமோதோயிடே தொகுப்பு உங்கள் கையால் சேர்ந்தது. 1818இல் ஆங்கில விலங்கியலாளர் லீச் பெயரிட்ட இந்தக் குடும்பத்தில் 350க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலும் வெப்பக் கடல்களின் ஆழம் குறைந்த பகுதிகளில் வாழ்பவை. மீன் நாக்கைச் சூம்பவைத்து அதன் இடத்தில் உட்காருவதாக எல்லோரும் பேசும் சைமோதோவா எக்சிகுவா அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரைக்கு உரியது. நம் பக்கம் பாங்டாவின் (கானாங்கெளுத்தி) செவுளுக்குள் நோரிலேக்கா இண்டிகா, முரலின் செவுளில் மோத்தோசியா ரெனார்டி, வாளையின் வாய்க்குள் லோபோதோராக்ஸ் டைபஸ். நெரோசிலா வெளியே, தோலிலும் துடுப்பிலும் ஒட்டும். ஆகவே எந்த மீன், உடம்பில் எந்த இடம் என்ற விவரம் இல்லாத பேனால் பாதிப் பயன்கூட இல்லை.

மீன் செத்ததும் பேன் பிடியை விடும். ஐஸ் தண்ணீரோடு இறங்கி வேறு மீனின்மேல் போய்க் கிடக்கும். கழுவுவதற்கு முன்பே அந்த மீனைத் தனிப் பையில் போட்டு முடிந்து வைத்தீர்களே, அது பெரிய உதவி. பெரிய பேனுக்குப் பக்கத்தில் இருந்த பொடிப் பேனையும் விடவில்லை. இவை முதலில் ஆண், வளர்ந்தபின் பெண். அந்தப் பொடிதான் பெரும்பாலும் ஆண். இனத்தை உறுதி செய்ய இரண்டும் வேண்டும்.

ஏழு ஜோடிக் காலிலும் கொக்கி நகம். வெடுக்கென்று இழுத்தால் கால் மீனிலேயே தங்கிவிடும். மழுங்கிய இடுக்கியால் ஒவ்வொரு காலாக நெம்பி எடுத்த பொறுமைக்கு நன்றி. பெண்ணின் வயிற்றடிப் பை கிழியாமல் வந்ததால், ஆறு ஜோடிக் காலோடு இருக்கும் குஞ்சுகளும் கிடைத்தன.

குப்பிகளுக்கு இடம் தந்த ஏலக்கடை அண்ணனுக்கும் நன்றி. 95 சதவீத எத்தனால், பேனின் அளவுக்குப் பத்து மடங்கு. உடம்பு நீர் கலந்து நீர்த்துவிடுவதால் மறுநாள் மாற்ற வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுக்கும். பேனா மை கரையும் என்பதால் சீட்டைப் பென்சிலில் எழுதி உள்ளேயே போட்டார். பேன் இல்லாத மீன்களையும் எண்ணிக் குறித்தார். அந்தக் கணக்கு இருந்தால்தான் நூற்றுக்கு எத்தனை மீனில் பேன் என்று சொல்ல முடியும்.

தாண்டேல் அண்ணன்மார்களுக்கு எப்படி நன்றி சொல்வது! குஜராத் பக்கம் இழுத்த மீனும் ரத்னகிரிக்கு வெளியே பிடித்த மீனும் இங்கேதான் இறங்குகின்றன. இறங்கிய துறையை எழுதினால் பரவல் வரைபடமே பொய்யாகிவிடும். வலை போட்ட இடத்தை ஜிபிஎஸ் பார்த்து, எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம் என்பதோடு சொன்னீர்கள். அந்த இடம் உங்கள் பிழைப்பு. அதனால் வரைபடத்தில் அரை டிகிரிக் கட்டமாக மட்டுமே காட்டியிருக்கிறோம்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடை. அப்போது லாரியில் வரும் மீனில் பேன் இருந்தால், எந்தக் கரை மீன் என்று தெரிந்தால் மட்டும் எடுத்து வையுங்கள். ஆகஸ்டில் படகு போகும் முன் பையும் பென்சிலும் கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
மீன் பேன் தொகுப்புக் குழுவினர், மும்பை