எல்லா வரிசையையும் வகுக்க வேண்டும்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு நண்பருக்கு,

வணக்கம். நலம், தங்கள் நலமறிய ஆவல். பேரன் ஐந்தாம் படிவக் கணக்கில் முதல் பாடமான மாறலிலேயே, அதாவது ஓர் அளவு மாறும்போது அதனோடு இன்னோர் அளவு எப்படி மாறுகிறது என்பதிலேயே, தடுமாறுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். மாலையில் என்னிடம் படிக்க வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே தடுமாற்றம் இருந்ததால், அவள் அதைக் கடந்த விதத்தை எழுதுகிறேன்.

மதிப்புப் பட்டியலைக் கண்டதும் அவள் முதல் வரிசையை மட்டும் எடுத்து, இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்து, வந்த ஈவை மாறிலி, அதாவது எல்லா வரிசைக்கும் பொதுவான மாறாத எண், என்று எழுதிவிடுவாள். பல கணக்குகளில் விடை சரியாகவே வந்ததால், அந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது.

ஆகவே வேன் வாடகைப் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். 2 கிலோமீட்டருக்கு 9 வெள்ளி, 4-க்கு 13, 6-க்கு 17, 8-க்கு 21. ஒவ்வொரு படியிலும் 4 வெள்ளி சீராக ஏறுவதைப் பார்த்து, இது நேர் விகிதம், மாறிலி 4.5 என்றாள். எல்லா வரிசையையும் வகுக்கச் சொன்னேன். 4.5, 3.25, 2.83, 2.63 என்று ஈவு இறங்கிக்கொண்டே போவதைக் கண்டு பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். வண்டி புறப்படுவதற்கே 5 வெள்ளி வாங்குகிறார்கள் என்று சொன்னதும், அந்த 5-ஐக் கழித்து மறுபடி வகுத்தாள். நான்கு வரிசையிலும் 2 வந்தது. சீராகக் கூடுவது வேறு, விகிதசமமாக, அதாவது நேர் விகிதத்தில், இருப்பது வேறு என்பதை நான் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

மறுநாள் சமையலறையிலிருந்து டம்ளர் மூடி, சாப்பாட்டுத் தட்டு, தாம்பாளம் மூன்றையும் எடுத்து வைத்து, பூக்கட்டும் நூலை விளிம்பைச் சுற்றி இழுத்து அளக்கச் சொன்னேன். விட்டம் 7 செண்டிமீட்டருக்குச் சுற்றளவு 22.1, 20-க்கு 62.6, 35-க்கு 110 என்று குறித்தாள். ஈவுகள் 3.16, 3.13, 3.14. மூன்றும் ஒன்றாக இல்லையே, இது விகிதசமம் இல்லையா என்று கேட்டாள், நல்ல கேள்வி. வேன் பட்டியலில் ஈவு ஒரே திசையில் சரிந்தது. இங்கோ ஓர் எண்ணைச் சுற்றி இப்படியும் அப்படியும் சற்றே அசைகிறது. அது நூலும் கையும் செய்யும் பிழை. சிறிய மூடியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஈவு அதிகம் விலகும் என்பதால், தாம்பாளத்தின் அளவையே கூடுதலாக நம்பச் சொன்னேன். அவள் கண்டெடுத்த மாறிலிதான் வட்டக் கணக்கில் வரும் பை (π) என்று சொன்னபோது அந்த முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பரப்பளவுக்கு இந்த வழி அப்படியே உதவாது. விட்டம் 7-க்குப் பரப்பு 38.5, 14-க்கு 154. விட்டத்தால் வகுத்தால் 5.5, 11 என்று ஈவு இரட்டிக்கிறது. விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால்தான் இரண்டிலும் 0.786 கிடைக்கும். எதனால் வகுப்பது என்று தீர்மானிப்பதே பாதி வேலை.

பேரனையும் வீட்டுப் பாத்திரங்களை நூலால் அளக்கச் சொல்லுங்கள். அவன் எழுதும் பட்டியலை அழித்துத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பி வையுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்