குற்றம் ஏ.எம். மீது இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வானொலி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ஏ.எம். (மீடியம் வேவ் நிலையங்களின் ஒலிபரப்பு முறை) என்றாலே ஒரே தடத்தில் வரும் மோனோ ஒலிதான், கரகரப்புதான் என்று எழுதியிருந்தார்கள். அல்சூரில் நாற்பது வருடமாக ரேடியோ பழுது பார்க்கிறவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஏ.எம்.மிலும் ஸ்டீரியோ, அதாவது இடது, வலது என்று பிரிந்து கேட்கும் ஒலி, உண்டு. மோட்டோரோலாவின் சி-குவாம் முறையில் இடது, வலது ஒலிகளின் கூட்டல் அலையின் வீச்சிலும் (உயரத்திலும்), அவற்றின் வித்தியாசம் அலையின் கட்டத்திலும் (அலை ஏறி இறங்கும் நேரம் முன்பின்னாக நகர்வதிலும்) போகும். பழைய ரேடியோ வீச்சை மட்டும் பிடிப்பதால் அதில் வழக்கம்போல மோனோ கேட்கும். கூடவே வரும் 25 ஹெர்ட்ஸ் பைலட் என்ற அடையாளச் சிக்னலைக் கண்டால் புது செட்டில் ஸ்டீரியோ விளக்கு எரியும்.

இவ்வளவு நல்ல விஷயத்தைக் கெடுத்தது தாமதம்தான். எந்த ஸ்டீரியோ முறை பொதுத் தரம் என்று சொல்லாமல், 1982இல் அமெரிக்காவின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. அதைச் சந்தையிடம் விட்டுவிட்டது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத முறைகள் மோதிக்கொண்டன. சி-குவாம்தான் என்று 1993இல் முடிவானபோது பாட்டுக் கேட்கிறவர்கள் எஃப்.எம்.முக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கரகரப்புக்கு வருகிறேன். கேட்கிற நிலையத்தை மட்டும் பிரித்தெடுப்பது செட்டுக்குள் இருக்கும் 455 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர்; அது குறுகலாக இருந்தால் ஒலியின் கூர்மையும் போய்விடும். ஒருமுறை எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் அகலமான ஃபில்டர் ஒன்று வாங்கி, என் பழைய செட்டில் பற்றவைத்தேன். பகலில் பெங்களூரு நிலையத்தின் 612 கிலோஹெர்ட்ஸில் கச்சேரி. அதுவரை பஞ்சு மூட்டையில் அடித்ததுபோல் இருந்த மிருதங்கத்தின் சாப்பு அன்று கணீரென்று விழுந்தது! இரவில் சென்னை 720க்குத் திருப்பினால் மெல்லிய விசில். நம் பக்கம் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால், இரவில் தொலைவிலிருந்தும் வரும் பக்கத்து அலை அகலமான ஃபில்டரில் நுழைந்து மோதுகிறது. சரி, ஒரு சுவிட்ச் வைத்தேன்: பகலுக்கு அகலம், இரவுக்குக் குறுகல். பெரும்பாலான செட்டுகளில் விலையைக் குறைக்கக் குறுகலை மட்டும் வைத்து விற்றார்கள். பழி ஏ.எம். மேல் விழுந்தது.

இப்போது ஆகாசவாணியின் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் முப்பதுக்கும் மேல் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறையிலும் ஒலிபரப்பும்படி மாற்றப்பட்டிருக்கின்றன. அதில் ஸ்டீரியோவும் அனுப்பலாம். ஆனால் அதைக் கேட்க ஒரு செட் வேண்டுமென்று போன மாதம் எஸ்.பி. ரோட்டில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியாகிற விலையில் ரிசீவர் எப்போது வரும் என்று, உங்கள் நிருபரை ஆகாசவாணியிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ மெக்கானிக் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.